ஒரே ரைபிள், இரண்டு பெட்டித் தோட்டா: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் கணிசமானவை துவக்கும் தோட்டாவும் பற்றியவை. வெளிநாட்டில் பிள்ளையோ மருமகனோ இல்லாத வீடு திருகோணமலையில் குறைவு. அங்கே முறையான அனுமதியோடு மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியவர்கள் ஊரில் கேட்கிறார்கள், ஊரில் உள்ளவர்கள் எங்களுக்கு எழுதுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இலங்கையில் புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரட்றிக் கோட்டைக்குள் மேய்கிற மான்களுக்கும் சரி, கந்தளாய்க் காட்டு மான்களுக்கும் சரி, அந்தச் சட்டம் ஒன்றுதான். பயிர்க் காவலுக்குத் தரப்பட்ட துவக்கு அனுமதி மானைச் சுடும் அனுமதி ஆகாது. கீழே வேட்டை பற்றி வருவதெல்லாம் அதற்கு உரிமம் கொடுக்கும் நாடுகளுக்கே பொருந்தும்.

உவர்மலை வாசகர்: என் பெறாமகன் கனடாவில் அல்பேட்டாவில் இருக்கிறான். துவக்கு உரிமம் எடுத்துவிட்டான். நவம்பரில் மான் வேட்டை, மற்ற நாட்களில் றேஞ்சில் இலக்குச் சுடுதல். இரண்டுக்கும் ஒரே ரைபிள்தான் வாங்க முடியும். கடையில் .243, 6.5 கிரீட்மோர், .308, .30-06 என்று நான்கு தோட்டா வகைகளைக் காட்டினார்களாம். எது நல்லது?

நான்கும் மானுக்குப் போதும். சந்தேகம் வரவேண்டியது மற்ற வேலையில்தான்.

.243 வின்செஸ்டர் 1955இல் வந்தது. .308இன் பித்தளைக் கோதைக் கழுத்தில் ஒடுக்கிச் செய்த தோட்டா. 100 கிரெய்ன் (6.5 கிராம்) சன்னத்தை, அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் தலையை, விநாடிக்கு ஏறக்குறைய 900 மீற்றர் வேகத்தில் அனுப்பும். தோளில் வாங்கும் உதை மெல்லியது, ஒல்லியான உடம்புக்காரருக்கும் புதிதாகப் பழகுபவருக்கும் இதைவிட இதமான மான் தோட்டா கிடையாது. குறை எங்கே என்றால் குழலில். சிறிய துளைக்குள் நிறைய வெடிமருந்து எரிவதால், தோட்டா அமரும் அறையை அடுத்துள்ள குழலின் தொண்டைப் பகுதி சீக்கிரம் அரித்துப்போகும். 2000 வெடிக்குக் கிட்டவே துல்லியம் தளரத் தொடங்கலாம். வருடத்துக்கு ஒரு பெட்டி சுடும் வேட்டைக்காரருக்கு அது ஆயுட்காலம். வாராவாரம் றேஞ்சுக்குப் போகிறவருக்கு இரண்டு வருடம்.

6.5 கிரீட்மோர் 2007இல் ஹோர்னடி நிறுவனம் வெளியிட்டது. முதலில் இலக்குச் சுடுதலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. சன்னம் நீண்டு மெலிந்திருப்பதால் காற்றை நன்றாக அறுத்துப் போகும். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீற்றர் காற்று வீசுகிறது என்று வையுங்கள்: 300 மீற்றரில் .308இன் 150 கிரெய்ன் வேட்டைச் சன்னம் சுமார் 25 சென்ரிமீற்றர் தள்ளப்படும், 6.5இன் 143 கிரெய்ன் சன்னம் 16, 17 சென்ரிமீற்றரோடு நிற்கும். ஆனால் 200 மீற்றருக்குள் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 100 மீற்றரில் குறி வைத்த ரைபிளில் இரண்டுமே 200 மீற்றரில் 10 முதல் 13 சென்ரிமீற்றர்தான் இறங்கும்.

.308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. 150 கிரெய்ன் சன்னம் விநாடிக்கு 860 மீற்றர், சக்தி ஏறக்குறைய 3600 ஜூல். உதை .243ஐவிடத் தெளிவாகக் கூடுதல், ஆனாலும் மூன்றரைக் கிலோ ரைபிளில் சமாளிக்கக் கூடியது. குழல் 5000 வெடிக்கும் மேலே துல்லியம் காக்கும். எந்தச் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். மலிவான பயிற்சித் தோட்டா முதல் போட்டித் தோட்டா வரை தெரிவும் அதிகம்.

.30-06 1906ஆம் ஆண்டின் தோட்டா, இன்றும் குறையில்லாதது. ஆனால் அதன் கூடுதல் பலம் மூஸ் என்னும் மிகப் பெரிய மான் போன்ற விலங்குக்குத்தான் வேண்டும். மானுக்காகவும் றேஞ்சுக்காகவும் அந்த உதையை வருடம் முழுக்கத் தோளில் வாங்குவது வீண். ஐம்பது வெடிக்குப் பிறகு விசையை இழுக்குமுன் கண் தானாகவே மூடிக்கொள்ளும். ஒருமுறை பழகிவிட்டால் அந்தக் கெட்ட பழக்கத்தை விடுவிப்பது பெரும்பாடு.

ஆகவே எங்கள் தெரிவு .308. பெறாமகன் போகிற றேஞ்ச் 300 மீற்றருக்கு மேல் நீள்கிறது, அவருக்கும் தொலைதூரத்தில்தான் ஆசை என்றால் 6.5 கிரீட்மோர். கடைக்காரர் .223ஐயும் மலிவு என்று காட்டினால், அல்பேட்டாவில் பெருவிலங்கு வேட்டைக்கு .23க்குக் குறைந்த விட்டம் கூடாது என்பதைப் பெறாமகன் நினைவில் வைத்திருக்கட்டும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டமும் பெரிய மான்களுக்கு 0.240 அங்குலம் என்றே கீழெல்லை வைத்தது. .223 நல்ல இலக்குத் தோட்டா, மான் தோட்டா அல்ல.

கிண்ணியா வாசகர்: போட்டிக்குரிய மேட்ச் தோட்டாதான் மிகத் துல்லியமானது என்கிறார்கள். அப்படியானால் மானுக்கும் அதையே பாவித்தால் என்ன? அதன் நுனியிலும் ஓட்டை இருக்கிறதே, அது விரியாதா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருந்தால் காயப்பட்டு ஓடிச் சாகும் மான்களின் தொகை குறைந்திருக்கும். தோட்டாவின் பெயரைத் தெரிவு செய்வதைவிடச் சன்னத்தைத் தெரிவு செய்வதுதான் பெரிய முடிவு.

மேட்ச் சன்னத்தின் நுனி ஓட்டை விரிவதற்காகப் போட்டதல்ல. செப்புக் கிண்ணத்துக்குள் ஈயத்தை இட்டு மேலே இழுத்துக் கூம்பாக்கும்போது வாய் முழுவதும் மூடாமல் மிஞ்சுகிற துவாரம் அது. கிண்ணத்தின் அடி கீழே வருவதால் சன்னத்தின் பின்புறம் ஒரே சீராக அமையும். குழலை விட்டு வெளியேறும் கணத்தில் வாயு கடைசியாகத் தள்ளுவது அந்தப் பின்புறத்தைத்தான். அது சீராக இருந்தால் சன்னம் ஆடாது. துல்லியம் அங்கிருந்து வருகிறது. உடலுக்குள் போனால் இந்தச் சன்னம் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்று ஊசி போலத் துளைத்து மறுபக்கம் போய்விடும், மான் கிலோமீற்றர் கணக்கில் ஓடும். இன்னொன்று தோள் எலும்பில் பட்டு மேலேயே சிதறும், உள்ளே நுரையீரல் தப்பிவிடும்.

வேட்டைச் சன்னம் வேறு பொருள். மென்நுனிச் சன்னத்தில் ஈயம் நுனியில் வெளியே தெரியும். பட்டவுடன் காளான் போல மலர்ந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு விட்டமாகும். 50 முதல் 100 கிலோ எடையுள்ள மானுக்கு இந்தச் சாதாரண மென்நுனியே போதும். செப்போடு ஈயத்தை ஒட்டவைத்த வகை எலும்பில் பட்டாலும் எடையைக் காத்து ஆழம் போகும். அது பெரிய உடம்புக்கு. முழுச் செப்புச் சன்னம் இதழ் இதழாக விரியும், ஈயத்துகள் இறைச்சியில் சேராது. சிறுபிள்ளைகள் சாப்பிடும் வீட்டுக்கு நாங்கள் அதையே சொல்வோம். ஈயச் சன்னம் பாவித்தால் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியவேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நினைப்பதைவிடத் தூரம் பரவியிருக்கும்.

செப்பில் இரண்டு கவனம் உண்டு. செப்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே எடைக்குச் சன்னம் நீளமாகும்; நீண்ட சன்னத்தை நிலைநிறுத்தக் குழலின் உட்புறச் சுழல் வரிகளின் முறுக்கு நெருக்கமாக இருக்கவேண்டும். மற்றது, விநாடிக்கு 550, 600 மீற்றருக்குக் கீழே வேகம் விழுந்தால் பல செப்புச் சன்னங்கள் சரியாக விரியா. எனவே எடையில் ஒரு படி இறங்குங்கள்: .308இல் 165 ஈயம் சுடுபவர் 150 செப்பு எடுக்கலாம்.

எந்தச் சன்னமானாலும் படவேண்டிய இடம் ஒன்றுதான். மான் பக்கவாட்டில் நிற்கையில் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கே இருதயமும் நுரையீரலும் உள்ள வட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர். படுத்தோ குந்தியோ, மூச்சு வாங்கும் நிலையிலும் அந்த அகலத்துக்குள் ஒவ்வொரு வெடியும் விழும் தூரம் எதுவோ, அதுவே அந்த ஆளின் எல்லை. பலருக்கு அது 150 மீற்றர்தான். தோட்டாப் பெட்டியில் 400 மீற்றர் அட்டவணை அச்சிட்டிருப்பது யாருக்கும் அந்தத் தூரத்தில் சுடும் தகுதியைக் கொடுத்துவிடாது.

மூதூர் வாசகர்: கிரெய்ன் என்பது மருந்தின் அளவா?

நீங்கள் கேட்கும் இடத்தில் அது சன்னத்தின் எடை. பெட்டியின் மேல் 150 என்று இருந்தால் 150 கிரெய்ன், அதாவது 9.7 கிராம் சன்னம். ஒரு கிரெய்ன் 0.065 கிராம். மருந்தையும் கிரெய்னில்தான் நிறுப்பார்கள், ஆனால் கடையில் வாங்கும் பெட்டியில் அந்த எண் அச்சிடப்படுவதில்லை. .308, .243 என்பவை அங்குலக் கணக்கு. ஆனால் எண் ஏறக்குறைய ஒத்திருக்கிறது என்று ஒரு துவக்கின் தோட்டாவை மற்றதில் போடக் கூடாது. குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். .223 ரைபிளில் .300 பிளக்அவுட் தோட்டா சில வேளை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் துவக்கு கையிலேயே வெடிக்கும்.

நிலாவெளி வாசகர்: மகன் றேஞ்சில் 168 கிரெய்ன் மேட்ச் தோட்டாவுக்குக் குறி சரிசெய்துவிட்டு, வேட்டைக்கு 150 மென்நுனியைக் கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறான். எல்லாம் விலகிப் போனதாம். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பழுதா?

பழுதாக இருக்காது. எடை, வேகம், குழல் அதிரும் விதம் மூன்றும் மாறினால் சன்னம் விழும் இடமும் மாறும். 100 மீற்றரிலேயே 5 சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளிப் போவது சாதாரணம். ஒரே பெட்டிப் பெயரிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் சிறு வித்தியாசம் வரும்.

வழி இது. ஸ்கோப் பிடிகளின் திருகாணிகளை முதலில் முறுக்குமானியால் சரிபாருங்கள். குறி விலகலுக்கு முதற்காரணம் தளர்ந்த திருகாணி. மணல் மூட்டையை மரப்பிடியின் முன்பகுதிக்குக் கீழே வையுங்கள், குழலுக்குக் கீழே அல்ல. குழல் எதிலாவது முட்டினால் ஒவ்வொரு வெடியும் வேறு கதை சொல்லும். 25 மீற்றரில் ஒரு வெடி, தாளில் படுகிறதா என்று பார்க்க. கால் நிமிட ஸ்கோப்பில் (நிமிடம் என்பது பாகையில் 60இல் ஒரு பங்கு) திருகைத் திருப்பும் ஒரு கிளிக் 100 மீற்றரில் 7 மில்லிமீற்றர். 25 மீற்றரில் அதன் காற்பங்கு. அதனால் 25 மீற்றரில் 4 சென்ரிமீற்றர் நகர்த்த 22 கிளிக் வேண்டும். இதைத் தெரியாமல் ஐந்து கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு.

பிறகு 100 மீற்றரில் மும்மூன்று வெடி. ஒற்றை வெடியைப் பார்த்துத் திருப்பக் கூடாது. மூன்றின் நடுவைக் கணக்கில் எடுத்துத் திருப்பவேண்டும். ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு குழலைக் கையால் தொடக்கூடிய சூட்டுக்கு ஆறவிடுங்கள். வேட்டை ரைபிள் ஒன்று 100 மீற்றரில் 3 சென்ரிமீற்றருக்குள் மூன்றையும் அடக்கினால் போதும், அதற்குக் கீழே தேடிக் காசைக் கரைக்கத் தேவையில்லை. வேட்டைத் தோட்டாவுக்கு 100 மீற்றரில் 4, 5 சென்ரிமீற்றர் மேலே படும்படி வைத்தால் .308 ஏறக்குறைய 180 மீற்றரில் நேர்க்குறிக்கு வரும். இடையில் எங்கும் உயரம் கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை.

இனி மேட்ச் தோட்டாவைச் சுட்டு, அது எத்தனை கிளிக் மேலே, எத்தனை கிளிக் பக்கத்தில் என்பதை ஒரு தாளில் எழுதிப் பிடியில் ஒட்டிவிடட்டும். ஒரே ரைபிள், இரண்டு பெட்டி, இரண்டு எண். வேட்டைக் காலம் தொடங்க ஒரு கிழமைக்கு முன் வேட்டைப் பெட்டிக்குத் திருப்பி, ஆறிய குழலில் முதல் வெடி எங்கே விழுகிறது என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும். காட்டில் கிடைப்பது அந்த முதல் வெடி மட்டும்தான்.

குளிர்நாட்டுக்கு இன்னொன்று. கோடையில் 25 பாகையில் குறி வைத்து, உறைநிலைக்குக் கீழே 15இல் சுடும்போது மருந்தின் வேகம் சற்றுக் குறையும். 200 மீற்றருக்குள் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்படவேண்டியது போல்ட்டில் (தோட்டாவை அறையில் பூட்டும் தண்டில்) பூசிய எண்ணெய் பற்றி: குளிரில் அது பசையாகி, ஊசி மெதுவாக அடித்துத் தோட்டா வெடிக்காமல் போகும். குளிர்காலத்துக்கு முன் எண்ணெயைத் துடைத்து உலர்வாக வைக்கட்டும். வீட்டுக்குள் கொண்டுவரும்போது, தோட்டா நீக்கிய துவக்கைப் பைக்குள்ளேயே வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட்டால் ஸ்கோப்பிலும் போல்ட்டிலும் நீர் கோர்க்காது.

குச்சவெளி வாசகர்: மெல்பேணில் இருக்கும் மச்சான் மரை வேட்டைக்குப் போகிறார். அவருக்கும் 6.5 சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம். விக்டோரியாவின் மரைகள் நம் மரையின் இனம்தான். 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விடப்பட்டவை. வளர்ந்த கிடா 200 கிலோவைத் தாண்டும். அடர்ந்த காட்டில், கிட்டத்தில், கோணலாக நிற்கும்போது சுட நேரும். விக்டோரியாவின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் மரைக்குக் குறைந்தது 0.270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன் சன்னமும் கேட்டன. 6.5 கிரீட்மோரின் சன்னம் 0.264 அங்குலம், அந்த விதிப்படி ஒரு நூல் வித்தியாசத்தில் வெளியே. விதிகள் திருத்தப்படுவதால் இந்த வருடத்து ஏட்டைப் பார்த்தே வாங்கவேண்டும். விதி எப்படி இருந்தாலும் மரைக்கு .308இல் 165 அல்லது 180 கிரெய்ன் ஒட்டுச் சன்னம், அல்லது .30-06. முதல் பதிலில் மானுக்கு அதிகம் என்று சொன்ன .30-06 இங்கே சரியான இடத்துக்கு வருகிறது.

சாம்பல்தீவு வாசகர்: ரொறன்ரோ மருமகனுக்குப் பழைய லீவர் ரைபிள் (கீழே உள்ள நெம்பை அசைத்துத் தோட்டா ஏற்றுவது) ஒன்று, .30-30. நண்பர் கூர்நுனித் தோட்டா கொடுத்திருக்கிறார். பாவிக்கலாமா?

தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும் ரைபிள் என்றால், வேண்டாம். ஒரு சன்னத்தின் நுனி முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் இருக்கும், அடித்தால் பற்றும் வெடிமூடியில் முட்டிக்கொண்டு நிற்கும். துவக்கு உதைக்கும்போது அது குத்தி உள்ளேயே வெடிக்கலாம். தட்டை நுனி அல்லது மழுங்கல் நுனி மட்டுமே. வளையும் மென்பிளாஸ்ரிக் நுனியோடு இதற்கென்றே செய்த தோட்டாவும் விற்கிறார்கள், அது பாதுகாப்பானது. 140 மீற்றர் வரை .30-30 இன்றும் நம்பிக்கையான மான் தோட்டா.

லிங்கநகர் வாசகி: மகள் உயர்தரம் படிக்கிறாள். இலக்குச் சுடுதல் பழக ஆசைப்படுகிறாள். .22இல் தொடங்கலாமா?

காற்று ரைபிளில் தொடங்கட்டும். ரோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தெஹானி எகொடவெல போட்டியிட்டது 10 மீற்றர் காற்று ரைபிளில்தான். 4.5 மில்லிமீற்றர் தட்டைத்தலைக் குண்டு, அரைக் கிராம் எடை; இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். உதையும் சத்தமும் இல்லாததால் பிழை எல்லாம் சுடுபவருடையது என்று உடனே தெரியும். நிற்கும் நிலை, மூச்சு, விசை இழுப்பு, வெடித்த பின்னும் குறியில் ஒரு கணம் நிலைத்திருப்பது: நான்கையும் இதில் பழகினால் எந்த ரைபிளும் கைக்கு வரும்.

பிறகு .22 நீள் ரைபிள். 1887இல் வந்த தோட்டா, 40 கிரெய்ன் சன்னம், இன்றும் 50 மீற்றர் ஒலிம்பிக் போட்டிகளின் தோட்டா. அதிவேகம் என்று அச்சிட்ட பெட்டியை வாங்க வேண்டாம். அது ஒலியின் வேகத்துக்கு மேலே புறப்பட்டு வழியில் அதற்குக் கீழே இறங்கும். அந்த எல்லையைக் கடக்கையில் சன்னம் தள்ளாடும். போட்டித் தோட்டா தொடக்கத்திலேயே ஒலிக்குக் கீழே, விநாடிக்கு 325 மீற்றர் அளவில் புறப்படும். நான்கைந்து தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி எடுத்து, 50 மீற்றரில் பத்துப் பத்தாகச் சுட்டு, எதை அந்தக் குழல் விரும்புகிறது என்று பாருங்கள். விலை கூடியதுதான் வெல்லும் என்று இல்லை. எந்தத் துவக்கையும், காற்று ரைபிள் உட்பட, வாங்குமுன் மாவட்டக் கச்சேரியில் அனுமதி நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி, பதிவுபெற்ற கழகத்தின் பயிற்றுநர் முன்னிலையில் மட்டும்.

தம்பலகாமம் வாசகர்: வயல் காவலுக்கு அனுமதி பெற்ற 12 போர் (குழல் துளையின் அளவு) துவக்கு அப்பா காலத்தது. வீட்டில் மஞ்சள் நிறத்தில் சில தோட்டாக்கள் கிடக்கின்றன, சற்று ஒல்லி. போட்டுப் பார்க்கலாமா?

போடவே வேண்டாம் ஐயா. மஞ்சள் 20 போருக்குரிய நிறம், அது 12ஐவிடச் சிறிய துளை. 12 போர் குழலில் அதை இட்டால் நழுவி உள்ளே போய்த் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்க்க அறை வெறுமையாகத் தெரியும். போட மறந்துவிட்டேன் என்று நினைத்து 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் முன்னால் கிடக்கும் தோட்டாவும் வெடித்துக் குழல் பிளக்கும். இடது கை இருக்கும் இடம் அதுதான். அந்தத் தோட்டாக்களை வைத்திருக்கவும் உங்கள் அனுமதிப்பத்திரம் இடம் தராது, பொலிசில் ஒப்படையுங்கள்.

பழைய துவக்கு என்பதால் இன்னொன்றும் பாருங்கள். அறையின் நீளம் 65 மில்லிமீற்றரா 70ஆ என்று குழலின் அடியில் பொறித்திருக்கும். தோட்டாவில் எழுதும் 70 என்பது வெடித்து வாயின் மடிப்பு விரிந்த பிறகுள்ள நீளம். வெடிக்காத 70 தோட்டா 65 அறைக்குள் இலகுவாகப் போய்விடும். வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். ‘உள்ளே போகிறது, அப்படியானால் சரி’ என்ற கணக்கு இங்கே உதவாது. அடையாளம் அழிந்திருந்தால் துவக்குத் திருத்துநரிடம் அளந்து பார்த்த பிறகே சுடுங்கள்.

கடற்காற்றில் தோட்டாவின் பித்தளை அடி பச்சை பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, துவக்கிலிருந்து வேறாக, பூட்டி வையுங்கள். பச்சை துடைத்தால் போகிற அளவு என்றால் பாதகமில்லை. குழி விழுந்திருந்தாலோ, காகிதக் கோது பருத்து அறைக்குள் இறுக்கமாகப் போனாலோ, அதைச் சுடாமல் மஞ்சள் தோட்டாக்களோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.